வரிசையின் முதல் செய்தி

மருத்துவமனைக் கணினி அறையில், டெர்லிஸின் திரையில் பச்சைக் கோடு தட்டையாகக் கிடந்தது. நோயாளிகளுக்கு அனுப்ப வேண்டிய செய்திகள் வரிசைக்குள் வந்து சேர்ந்துகொண்டே இருந்தன. வெளியே போனவை பூஜ்யம்.

"அமைதியா இருக்கு. நல்லதுதானே?" என்று தெரெரே என்னும் மூலிகைப் பானக் குவளையை நீட்டினார் மேலாளர் வில்ஃப்ரிதோ.

தட்டைக் கோடு நல்லதில்லை. மே மாதம் தீவிர சிகிச்சைப் பிரிவில் அவன் ஒன்றைப் பார்த்திருந்தான். குளிர்ந்த கசப்பை உறிஞ்சிவிட்டுக் குவளையைத் திருப்பிக் கொடுத்தான்.

தொலைபேசியில் நிமியாக்கா, வரவேற்பிலிருந்து.

"ஏம்ப்பா, நோயாளி ஒருத்தரையும் காணோம். டாக்டருங்க சிப்பா ரொட்டியத் தின்னுக்கிட்டு என் உசுர வாங்குறாங்க. ஞாபகச் செய்தி போகுதா, இல்ல உன் மெஷினும் மத்தியானத் தூக்கம் போடுதா?"

"பாக்குறேங்க்கா."

வரிசையைத் திறந்துவிட்டான். தோல்விக் கணக்கு ஐந்தைத் தொட்டதும் அது தானாகவே மூடிக்கொண்டது. ஒரே செய்தி ஐந்து முறை திரும்பி வந்தால் தரவுத்தளம் மொத்த வரிசையையும் நிறுத்திவிடும். முதல் செய்தியைப் பிரித்தான்.

லிஸ் மபெல் ஓவியேதோ. இதயப் பிரிவு. வியாழன், ஒன்பது மணி.

அவன் மனைவி. அவள் இருந்தபோதே குறித்து வைத்த நாள்.

செத்தவருக்கு அழைப்பு வந்ததென்று ஒரு குடும்பம் வந்து அழுதது. அதனால் போன வாரம் அவன்தான் அவசரமாக விதி எழுதினான்: இறந்தவர் பெயர் வந்தால் மறு. மறுத்ததை ஒதுக்கி வைக்கச் சொல்லவில்லை; அது வரிசையின் முன்னாலேயே திரும்பி வந்து நின்றது.

"யாரு அடைச்சுக்கிட்டு நிக்கிறது?" என்றார் வில்ஃப்ரிதோ, திரையைப் பார்க்காமல்.

"இறந்துபோனவங்க ஒருத்தங்க."

"அட, தூக்கிப் போடுறா. கோவிச்சுக்கிட்டு வந்து நிக்கவா போறாங்க?"

தடமின்றி அழிக்க ஒரு கட்டளை உண்டு. அடித்தான். விரல் கடைசி விசையில் இறங்கவில்லை. கட்டளையைத் துடைத்துவிட்டு நோயாளிப் பட்டியலைத் திறந்தான். லிஸ் மபெல். இறந்தவர்: ஆம். அதை 'இல்லை' என்று மாற்றினான். வரிசையைத் திறந்தான்.

கோடு துள்ளி எழுந்தது. எல்லோருடைய செய்திகளும் போயின.

அவன் பைக்குள் அவளுடைய கைபேசி அதிர்ந்தது. அதற்கு இன்னமும் தினமும் மின்னேற்றி வந்தான்.

"லிஸ் மபெல், வியாழன் ஒன்பது மணிக்குச் சந்திப்போம். வருவதானால் 1, இல்லையென்றால் 2."

2 அழுத்தினான். உடனே பதில் வந்தது.

"பரவாயில்லை. வேறு எந்த நாள் வசதிப்படும்?"

மறுபடி நிமியாக்கா. "எல்லாருக்கும் செய்தி வந்துடுச்சுப்பா! போன் அடிச்சு ஓயல. உனக்கு ஒரு சிப்பா எடுத்து வெச்சிருக்கேன், சூடா."

பட்டியலில் லிஸ் மபெல் உயிரோடு இருந்தாள். விட்டுவைத்தால் அடுத்த அழைப்பும் வரும், அதற்கடுத்ததும். மே மாதம் 'இறந்தவர்' கட்டத்தில் 'ஆம்' என்று நிரப்பியது வேறு யாரோ.

குவளை மறுபடி அவனிடம் வந்தது. "நன்றி" என்று தள்ளினான்.

"அதுக்குள்ள போதுமா? ஒரு சுத்துதானேடா குடிச்ச."

டெர்லிஸ் அந்தக் கட்டத்தில் மறுபடி 'ஆம்' என்று அடித்தான். சேமிக்கவா என்று திரை கேட்டது.

சேமித்தான்.