வெர்லா தேய்த்த துப்பாக்கி

மார்விஸ் டெகர் தப்பாகத் தீர்ப்பு சொன்னாள் என்று ஒஹாயோ மாநிலம் முழுக்கத் தேடினாலும் ஒருத்தர் வாயிலிருந்தும் வராது. அவள்மீது மனத்தாங்கல் உள்ளவர்கள் ஏராளம். ஆனால் அவர்கள் திட்டுவதெல்லாம் அவள் நாக்கைத்தான், கண்ணை அல்ல. அப்பாவின் முலாம் பட்டறையில் பாதி ஆயுளைக் கழித்தவள் அவள். பழைய ராணுவத் துப்பாக்கியின் மேல்பூச்சு தொழிற்சாலையில் ஏறியதா, பிற்பாடு எவனோ ஏற்றியதா என்று சொல்ல அவளுக்கு ஒரு டார்ச் விளக்கு போதும்.

அந்தச் சனிக்கிழமை கண்காட்சித் திடலின் மாட்டுக் கொட்டகையில் சேகரிப்பாளர் சங்கத்தின் போட்டி நடந்தது. 'கைபடாத துப்பாக்கி', அதாவது தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் துப்பாக்கிகளின் பிரிவுக்கு மார்விஸ்தான் நடுவர். ஆர்லோ ஸ்டட்ஸ்மனின் மேஜைக்கு வந்ததுமே அவளுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. மேஜையின் இந்தக் கோடியில் ஆர்லோ, அந்தக் கோடியில் அவன் பெண்டாட்டி வெர்லா. நடுவே, பழைய போர்க்காலத்துக் காரண்ட் ரக ராணுவத் துப்பாக்கி திட்டுத் திட்டாகப் பளபளத்துக்கொண்டு கிடந்தது.

"என்னய்யா ஆர்லோ, மூஞ்சிய இப்படித் தூக்கி வச்சிருக்க?"

"அத அவகிட்டக் கேளு."

வெர்லா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போட்டிக்குப் போகுதே, பளிச்சுன்னு இருக்கட்டுமேன்னு வியாழக்கிழமை பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரை வச்சுத் தேய்ச்சுட்டேன். சாம்பல் பச்சையா இருந்துச்சா, அழுக்குன்னு நெனச்சுட்டேன். அதுல இருந்து இவரு எங்கூட ஒரு வார்த்தை பேசல. ராத்திரி லாரிலதான் படுத்துக்கறாரு."

"தொழிற்சாலையில போட்ட பூச்சு," என்றான் ஆர்லோ. "ஒருத்தன் கைவைக்காம வந்தது. ஒரே மத்தியானத்துல முடிச்சிட்டா."

"மரக்கட்டையக் கழட்டி உள்ள பாக்கணும்," என்றாள் மார்விஸ்.

போன வருஷமும் அதற்கு முந்தைய வருஷமும் இதே பேச்சுக்கு ஆர்லோ அவளை அடிக்காத குறையாகத் துரத்தியிருக்கிறான். கழற்றினால் கைபடாதது என்ற பெயர் போய்விடுமாம். வாங்கிய நாளிலிருந்து அவனே ஒரு தரம்கூடக் கழற்றியதில்லை. பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் இந்தக் கூட்டத்தில் பாதிப் பேருக்கு அந்தப் பைத்தியம் உண்டு.

"இனிமே என்ன இருக்கு, கழட்டிக்கோ," என்று சொல்லிவிட்டுக் காப்பி வாங்கப் போய்விட்டான்.

மார்விஸ் கையுறையை மாட்டிக்கொண்டு கட்டையைப் பிரித்தாள். வெர்லாவின் கம்பி நார் எட்டாத இடம் அது. பூச்சு அங்கே பத்திரமாக இருந்தது. ஆனால் இரும்பில் பொடிப் பொடியாகத் துருக் குழிகள், ஒவ்வொரு குழியின் அடிவரைக்கும் அதே சாம்பல் பச்சை. துரு முதலில் தின்றிருக்கிறது, பூச்சு பிறகுதான் வந்திருக்கிறது. பொறித்த எழுத்துகளின் விளிம்பும் மழுங்கியிருந்தது. ஆர்லோவின் கைக்கு வருவதற்கு முன்பே எவனோ துருவைத் தேய்த்து எடுத்துவிட்டுப் புதுசாகப் பூசி விற்றிருக்கிறான். மார்விஸுக்கு இதில் ஒரு மயிரிழை சந்தேகமும் இல்லை.

"அழாத வெர்லா. நீ எதையும் கெடுக்கல. இது ஆர்லோ கைக்கு வர்றதுக்கு முந்தியே மறுபூச்சு போட்டது."

வெர்லாவின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அப்புறம் சட்டென்று வாடிவிட்டது. "அப்ப இத்தன வருஷமா எல்லார்கிட்டயும் பெருமையடிச்சுக்கிட்டுத் திரிஞ்சாரே?"

"ஏமாந்திருக்கான்."

வெர்லா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நான் தேய்ச்சதுலதான் போச்சுன்னு சொல்லிடுங்களேன். எம்மேல உள்ள கோவம் ஆறிடும். ஏமாந்துட்டோம்னு தெரிஞ்சா மனுஷன் இந்தக் கொட்டகைப் பக்கமே வரமாட்டாரு. அவருக்கு இத விட்டா வேற போக்கிடம் இல்ல."

நடுவர் மேஜையில் பொய் சொல்கிற வழக்கம் மார்விஸுக்குக் கிடையாது. ஆர்லோ காப்பியோடு திரும்பியதும் டார்ச் விளக்கை அவன் கையில் திணித்தாள். "உனக்கும் கண்ணு இருக்கில்ல? குழிக்குள்ள பாரு."

ஆர்லோ குனிந்தான். நிமிர வெகு நேரம் ஆயிற்று. அதற்குள் காது மடல் சிவந்துவிட்டது. விஷயம் தெரிந்தவன், விளக்கம் தேவைப்படவில்லை.

"உம் பெண்டாட்டி என்னைப் பொய் சொல்லச் சொன்னா," என்றாள் மார்விஸ். "பழி அவ மேலயே இருக்கட்டுமாம். நீ தலை குனியக் கூடாதாம்."

வெர்லா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மேஜை டெல்பர்ட் கழுத்தை நீட்டினான். வம்பென்றால் அவனுக்குச் சோறு வேண்டாம். "என்ன ஆர்லோ, வீட்டுக்காரம்மா பாத்திரம் கழுவுற மாதிரி துப்பாக்கியக் கழுவிட்டாங்களாமே? மொத்தமும் பாழா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவன் பெருமை பிழைத்திருக்கும்.

"அவ ஒண்ணும் பாழாக்கல." கொட்டகை முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னான் ஆர்லோ. "இது மறுபூச்சு. பாத்து வாங்கத் தெரியாத முட்டாள் நான்தான்."

சுற்றி எல்லா மேஜைகளிலும் தலைகள் திரும்பின. அவன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அந்தக் கோடிக்குப் போய் வெர்லாவின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான்.

"கத்தாதீங்க," என்றாள் வெர்லா. "எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்," என்று சொல்லிக் காப்பியை அவள் கையில் கொடுத்தான்.