கையில் வேலை இருக்கும்போது

மதில் முழுக்க டிசம்பர் பூ. ஊதா ஊதாவாய், பனியில் நனைந்து. பறிக்க ஆளில்லாமல் பூத்து, பூத்த இடத்திலேயே வாடி, மறுநாள் மறுபடியும் பூத்தது.

அப்பா போன நாளிலிருந்து அந்தச் செடியை யாரும் தொடவில்லை. ஆவுடைக்கு அதைப் பார்த்தாலே எரிந்தது. எதைப் பார்த்தாலும் எரிந்தது.

அவளுக்கும் அவள் அம்மா உலகம்மாளுக்கும் ஓர் ஆட்டம் உண்டு. ஒருத்தி தலைப் பூவை இன்னொருத்தி பறிப்பது. பின்னாலிருந்து, பூனை மாதிரி வந்து, வெடுக்கென்று.

சட்டம் ஒன்றே ஒன்று. பறிகொடுப்பவளின் இரண்டு கையிலும் வேலை இருக்க வேண்டும். மாவு பிசையும் கை. குடம் தூக்கும் கை. சும்மா இருப்பவளிடம் பறித்தால் செல்லாது.

பறித்தவள் தன் தலையில் செருகிக்கொண்டு ஓடுவாள். மற்றவள் துரத்துவாள். விளக்கு வைக்கும் நேரத்தில் பூ யார் தலையில் இல்லையோ, அவள்தான் அன்றைக்குப் பாத்திரம் தேய்க்க வேண்டும்.

ஆவுடைக்குக் கல்யாணம் ஆனது. அடுத்த தெருவிலேயே குடித்தனம். ஒரு பிள்ளைக்குத் தாயுமானாள். ஆட்டம் மட்டும் நிற்கவில்லை. "கழுதைக்கு வயசுதான் ஆச்சு, புத்தி வரல" என்பாள் உலகம்மாள், மூச்சு வாங்க ஓடிக்கொண்டே.

அப்பா நாற்காலியில் இருந்தபடி சிரிப்பார். "இதுல எது தாய், எது புள்ளைன்னு எனக்கே வெளங்கல."

அந்த நாற்காலி இப்போது வெறுமனே கிடந்தது.

பதினாறாம் நாள் நெருங்கியது. அன்றைக்கு விடியுமுன் உலகம்மாளுக்குப் புதுச் சேலை கட்டி, பூ வைத்து, பொட்டு வைத்து, கை நிறைய வளையல் போட்டு உட்கார வைப்பார்கள். அப்புறம் ஒவ்வொன்றாய் எடுப்பார்கள். எடுப்பதற்காகவே வைக்கிற பூ. எந்த மகராசன் கண்டுபிடித்தானோ, அவன் தலையில் இடி விழ.

அத்தைதான் முன்னின்றாள். அப்பாவின் அக்கா. வழிவழியாய் வந்ததை விட முடியுமா என்றாள். கூடாது என்று கத்தினாள் ஆவுடை. கையில் இருந்த சொம்பை முற்றத்தில் வீசினாள். அது உருண்டு போய் நாற்காலிக் காலில் முட்டி நின்றது.

"விடுளா" என்றாள் அம்மா. "உலை வாய மூடலாம், ஊர் வாய மூட முடியுமா? செஞ்சிட்டுப் போறாங்க."

அதுதான் ஆவுடையைச் சுட்டது. அத்தை சொன்னதல்ல. அம்மா சரி என்றது. ஒரு முழப் பூவுக்குத் தெருமுனை வரைக்கும் ஓடி வந்து மல்லுக்கு நின்றவள், எல்லாப் பூவையும் போ என்று விடுகிறாள். ஆவுடை அதற்குப் பிறகு அம்மாவோடு பேசவில்லை.

பதினாறாம் நாள் விடியற்காலை. அம்பாசமுத்திரத்துப் பனி. வாசல் விளக்கைச் சுற்றிப் பனி. அத்தை மதிலோரம் போய்ப் பூப் பறித்தாள். அந்தச் செடியில். அம்மா நட்ட செடியில். ஆவுடை பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள்.

பெண்கள் சுற்றி நின்றார்கள். நடுவில் உலகம்மாள், இடித்து வைத்த புளி மாதிரி. தலை நிறைய ஊதாப் பூ. அம்மா அவ்வளவு அழகாக இருந்தாள். ஆவுடைக்கு அழுகை வந்தது. அழுகை வந்ததற்கும் கோபம் வந்தது.

ஒருத்தி அம்மாவின் இடது கையைப் பிடித்தாள். ஒருத்தி வலது கையைப் பிடித்தாள். வளையலை உடைக்க. அத்தையின் கை பூவுக்கு நீண்டது.

அம்மாவுக்கு இரண்டு கையும் ஒழிவில்லை.

ஆவுடை யோசிக்கவில்லை. பின்னாலிருந்து வந்தாள். வெடுக்கென்று பறித்தாள். தன் தலையில் செருகிக்கொண்டு ஓடினாள்.

"ஏ மூதேவி!" அத்தை அலறினாள். "என்ன காரியம்ளா பண்ணுத! அந்தப் பூவ வாழுறவ தலையில வைக்கலாமா? வெளங்குவியா நீ?"

ஆவுடை மதிலில் சாய்ந்து நின்றாள், மூச்சிரைக்க. பின்னால் காலடிச் சத்தமே இல்லை. கோபமெல்லாம் வடிந்து பயம் வந்தது. அம்மா துரத்தி வராவிட்டால்? இனி எப்போதுமே வராவிட்டால்?

உலகம்மாள் தன்னைப் பிடித்திருந்த கைகளை உதறினாள். தலையைத் தடவிப் பார்த்தாள். வெறும் கொண்டை. எழுந்தாள்.

"உக்காரு உலகு. சடங்கு பாதியில நிக்கி."

"நிக்கட்டும் மதினி." பதினாறு நாளாய்ச் செத்துக் கிடந்த குரல், கொதித்துக்கொண்டு வந்தது. "இந்தத் தலையில இருக்கிறதப் பறிக்க ஒருத்திக்குத்தான் பாத்தியதை. பறிச்சிட்டா. இனி அதத் திருப்பி வாங்குறது என் பாடு. நீங்க யாரு நடுவுல?"

புதுச் சேலையை இழுத்து இடுப்பில் செருகினாள். ஓடினாள். பனிக்குள் ஆள் தெரியவில்லை. வளையல் சத்தம் மட்டும் கேட்டது. உடையாத வளையல், கலகலவென்று.

"கழுத... கழுத" என்று திட்டிக்கொண்டே வந்தாள். வந்தவளை ஆவுடை இரண்டு கையாலும் இறுகக் கட்டிக்கொண்டாள். விம்மினாள்.

இரண்டு கையும் ஒழிவில்லாத நேரம். சட்டப்படி செல்லும்.

உலகம்மாள் வெடுக்கென்று பறித்தாள். தன் தலையில் செருகிக்கொண்டாள்.

விளக்கு வைக்கும் நேரத்திலும் அது அங்கேயே இருந்தது. பதினாறாம் நாள் சாப்பாட்டுப் பாத்திரம் மலை போல் குவிந்திருந்தது. ஆவுடை ஊரையும் அத்தையையும் அம்மாவையும் ஒருசேரத் திட்டிக்கொண்டே தேய்த்தாள்.

மறுநாள் மதில் முழுக்க டிசம்பர் பூ. ஊதா ஊதாவாய், பனியில் நனைந்து. ஒரு கொப்பு மட்டும் காலியாக இருந்தது. அம்மா அதற்குள் பறித்துவிட்டிருந்தாள்.