பெயர் சொல்லாத கூட்டம்

சிரிக்கிறான். வாய் நிறையச் சிரிக்கிறான். இந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே எழுந்து போய்விட்டால் என்ன? ஆனால் என் உடம்பு இப்படிப்பட்ட அறைகளில் உட்கார்ந்தே பழகிவிட்டது. உட்கார்ந்தபடியே கொதிக்கவும் பழகிவிட்டது.

நரெல் காப்பிக் கோப்பையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டாள். கண்ணாடிக்கு அப்பால் பிரிஸ்பேன் ஆறு சேற்று நிறத்தில் கிடந்தது.

எதிரே டேமன். ஒரு காலத்தில் அவளே தேர்ந்தெடுத்து வேலைக்குச் சேர்த்தவன், இப்போது நிறுவனத்தின் தலைவன். பக்கத்தில் விளம்பரப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் டெஸ். தொழில்நுட்பப் பிரிவை இத்தனை காலம் நடத்திய நரெலுக்கு வியாழக்கிழமை பிரிவுபசார விழா. தான் கற்ற பாடங்களைப் பற்றி அவள் இளம் ஊழியர்களிடம் பேச வேண்டும்.

"எல்லாம் அருமையா இருக்கு நரெல். ஆனா கண்ணுல தண்ணி வர்ற மாதிரி ஒண்ணு வேணும்" என்றாள் டெஸ். "அந்த ஈஸ்டர் கதையைச் சொல்லுங்களேன்."

"அதேதான்!" டேமன் மேசையைத் தட்டினான். "பாதி ஊர்ல மருந்துக் கடை ஸ்தம்பிச்சுப் போச்சு. யாரையாவது திட்டினோமா? உட்கார்ந்து மனசு விட்டுப் பேசினோம். புதுப் பசங்க அப்படியே மயங்கிடுவாங்க, பாருங்க."

மனசு விட்டு. அந்த வழக்கத்தை இங்கே கொண்டுவந்தவளே நரெல்தான். எது உடைந்தாலும் எல்லோரும் வட்டமாக உட்கார வேண்டும். யார் பெயரையும் சொல்லிக் குற்றம் சாட்டக் கூடாது. நடந்ததை நடந்தபடி சொல்கிறவருக்கு எந்தக் கெடுதலும் வராது. வாக்குக் கொடுத்தவள் அவள்.

மருந்துக் கடைகளுக்கான புது மென்பொருளை ஈஸ்டர் விடுமுறைக்கு முந்தின நாளே வெளியிட்டாக வேண்டும் என்று குதித்தவன் டேமன். முதலீட்டாளர்களிடம் சொல்லிவிட்டானாம். விடுமுறை முடியட்டும் என்று கெஞ்சியவள் நரெலின் பிரிவில் வேலை பார்த்த மெலே. சிரித்தால் மாடி முழுக்கக் கேட்கும் டோங்கா தீவுக்காரப் பெண். அவள் பேச்சு எடுபடவில்லை. மறுநாள் காலை கடைகளின் கணினித் திரைகளில் ஒரு மருந்துச் சீட்டும் வரவில்லை.

அடுத்த வாரக் கூட்டத்தில் மெலேதான் முதலில் வாய் திறந்தாள். "கடைசிச் சோதனையை நான் ஓட்டல. நேரமில்லன்னு விட்டுட்டேன்." சொல்லிவிட்டு நரெலைப் பார்த்தாள். பயமே இல்லாத முகம். அவசரப்படுத்தியவன் நகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஜூன் மாதக் குளிர் வருவதற்குள் மெலேக்கு வேலை இல்லை.

அதற்குப் பிறகு அந்த வட்டத்தில் யாரும் எதையும் ஒப்புக்கொள்வதில்லை. எல்லாத் தவறுகளையும் கணினியே செய்துவிடுகிறது.

"மெலேயை மேடைக்குக் கூப்பிடலாமா?" நரெல் கேட்டாள்.

"யாரு மெலே?" என்றாள் டெஸ்.

டேமனின் சிரிப்பு இறங்கியது. "அது வேற விஷயம் நரெல். ஆட்குறைப்பு. எந்தக் கம்பெனியில நடக்கல?"

"ஒரே ஒரு ஆளைக் குறைச்ச ஆட்குறைப்பு."

"அட, போற நேரத்துல ஏன் முறுக்கிக்கிறீங்க? இயக்குநர் குழுவுல உங்களுக்கு நாற்காலி ரெடி. வியாழக்கிழமை மேடையிலயே அறிவிக்கப் போறேன். ரெண்டு நல்ல வார்த்தை சொல்லிட்டு இறங்குங்க, அவ்வளவுதான்."

பயப்படாதே என்று நான் சொன்ன இடத்தையே பொறியாக்கினாயே. இப்போது அந்தப் பொறிக்கு என் குரலை இரையாக வைக்கச் சொல்கிறாய். வியாழக்கிழமை முன்வரிசையில் இன்னொரு மெலே உட்கார்ந்திருப்பாள். என்னை நம்புவாள்.

கோப்பையை அவன் முகத்தில் வீச வேண்டும் போலிருந்தது. கோப்பையைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்தாள்.

"அப்போ ஈஸ்டர் கதையை மூணாவதா வெச்சுக்கலாமா?" டெஸ் கேட்டாள்.

"வேண்டாம்மா. அதை நான் சொல்ல மாட்டேன்."

"நரெல், சும்மா ரெண்டு நிமிஷம்..." டேமன் இழுத்தான்.

"வியாழக்கிழமை நான் பேசல, டேமன். அந்த நாற்காலியும் வேண்டாம்."

அவள் குரல் உயரவே இல்லை.