பாங்கு கேளாத பிள்ளை

“புள்ள அழுததா எண்டு பள்ளி லெப்பை கேக்கிறார். சொல்லு பரீனா, அழுததா?”

பிள்ளையை அடக்க ஊருக்குப் போயிருந்த புருஷன் ரிஸ்கான் அதைப் போனில்தான் கேட்டான். பரீனா அப்போது மன்னாரில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். ஒரு கையில் இரத்தம் ஏறிக்கொண்டிருந்தது, மற்றக் கையைத் தூக்கத் தெம்பில்லை. போனை அவள் காதில் பிடித்துக்கொண்டிருந்தவள் ரிஸ்கானின் மூத்த சகோதரி, அவன் ராத்தா என்று கூப்பிடும் ஹமீதா மதினி. பரீனா வாயைத் திறப்பதற்குள் ஹமீதா போனைத் தன் காதுக்கு எடுத்துக்கொண்டாள்.

“இல்லடா தம்பி, அழல்ல. நான்தானே பக்கத்துல இருந்தன்.”

அந்தப் பதிலோடு எல்லாம் முடிந்துபோயிற்று. அழுத பிள்ளை உயிரோடு வந்த பிள்ளை, அதற்கு ஜனாஸாத் தொழுகை உண்டு. அழாத பிள்ளையைக் கழுவி, வெள்ளைத் துணி சுற்றி அடக்கிவிடுவார்கள், தொழுகை கிடையாது. ஊரில், மறிச்சுக்கட்டி மையவாடியின் வேலியோரம் பரீனாவின் மகனை அப்படித்தான் அடக்கினார்கள். அவனுக்குப் பெயர் வைக்கவும் யாருக்கும் தோன்றவில்லை. அவள் வீடு வந்து சேர்ந்தபோது மழையில் அந்த மண்ணும் அமுங்கிவிட்டிருந்தது.

ஆனால் அழுகை பரீனாவுக்குக் கேட்டது. ஈரக்கயிறு கப்பியில் உரசுவதுபோல ஒரு மெல்லிய சத்தம். ஒரு தடவை வந்தது, நின்றது, பிறகு இன்னொரு தடவை வந்தது.

ரிஸ்கானிடம் சொல்லிப் பார்த்தாள். “மயக்கத்துல கேட்டிருப்பாய்” என்றான். ராத்தாவை அவன் சந்தேகிக்கமாட்டான். புத்தளத்து அகதி முகாமில், உம்மா கூலிக்குப் போன நேரமெல்லாம் அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அவள். பரீனாவுக்கு மட்டும் அவளைச் சந்தேகிக்க என்ன, சுலபமா? வலி வந்த அன்று அம்புலன்ஸ் வரத் தாமதம் என்று ஊர்க்காரன் பைசரின் மீன் லொறியில் ஏற்றினார்கள். ரிஸ்கானும் பைசரும் முன்னால். பின்னால் தறப்பாளுக்குக் கீழே, மீன்வாடையும் இருட்டுமாக, ஹமீதாவும் அவளும். பிள்ளை வழியிலேயே பிறந்துவிட்டது. பிறகு இரத்தம் உடைத்துக்கொண்டு போனபோது, ஹமீதா முழங்காலில் நின்று, ஆஸ்பத்திரி வாசல்வரை அவள் வயிற்றைக் கையால் அமுக்கிப் பிடித்தபடியே வந்தாள். அந்தக் கை இல்லாவிட்டால் இவளும் இல்லை என்று டொக்டரே சொன்னாராம். வீட்டுக்கு வந்த பிறகு உள்ளி போட்டுக் கறி சமைத்துக் கொடுத்ததும், இவளுடைய துணிகளை முகம் சுளிக்காமல் துவைத்ததும் அவள்தான். அப்படிப்பட்டவளை எந்த வாயால் பொய்க்காரி என்பது?

அடக்கிய பிறகு கபுறடியில் நின்றும் ஜனாஸாத் தொழலாம் என்று ஒரு மௌலவி ரேடியோவில் சொன்னதைப் பரீனா கேட்டிருந்தாள். அதற்குப் பிள்ளை அழுதது என்று ஊர் ஒத்துக்கொள்ளவேண்டும். ஊர் ஒத்துக்கொள்ள ஹமீதா ஒத்துக்கொள்ளவேண்டும். பரீனா கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

மழைக்காலம் போய் வெயில் ஏறத் தொடங்கியிருந்த ஒரு காலையில் ஜெனிஸ்ரா ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். மன்னார்க் கடற்கரையில் தாழ்வுபாட்டு ஊர்ப் பெண். பிறக்கும்போதோ பிறந்த கையோடோ பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரைத் தேடிப் பிடித்துக் கேள்வி கேட்பது அவள் வேலை. யூனிவர்சிட்டி ஒன்றின் ஆராய்ச்சி என்றாள். முன்கூட்டியே போன் எடுத்துச் சொல்லியிருந்ததால் ஹமீதாவும் வந்து, வாசலைப் பார்த்தபடி கதிரையில் உட்கார்ந்திருந்தாள்.

“தாழ்வுபாட்டில இருந்து வாறீங்க, ஒரு சூடைக் கருவாடாவது கொண்டு வரக்கூடாதா மிஸ்? வெறும் கேள்வியா கொண்டு வந்திருக்கிறீங்க.”

ஜெனிஸ்ரா சிரித்தாள். “அடுத்தமுறை கட்டாயம் கொண்டு வாறன் அக்கா. இப்ப இவவோட கொஞ்சம் தனியக் கதைக்கலாமோ?”

“தனியவா? அண்டைக்கு லொறிக்குள்ள நானும் இவளும்தான். எனக்குத் தெரியாத என்ன இவளுக்குத் தெரியும்?”

ஜெனிஸ்ரா பரீனாவைப் பார்த்தாள். “உங்கட விருப்பம்தான் தங்கச்சி. நீங்கள் சொல்லுங்கோ.”

“மதினி இருக்கட்டும்” என்றாள் பரீனா. ஹமீதாவின் முகம் மலர்ந்தது. அவள் முன்னால் சொன்னால்தான் அது சொன்னதாகும் என்று பரீனா நினைத்தது அவளுக்குத் தெரியாது.

ஜெனிஸ்ரா சிலேட்டுப்போல இருந்த பெரிய போனை மடியில் வைத்துக்கொண்டாள். ஆபிரிக்காவிலும் வங்காளதேசத்திலும் தாய்மாரிடம் இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள் என்றாள். எங்கே குறை நடக்கிறது என்று தெரிந்தால் இனிப் பிறக்கிற பிள்ளைகளையாவது காப்பாற்றலாம், யாரையும் குற்றம் பிடிக்க அல்ல. வயது, கிளினிக், வலி தொடங்கிய நேரம் என்று கேட்டுக்கொண்டே போனவள் குரலைத் தணித்தாள்.

“பிறந்த பிறகு பிள்ளை அழுததோ? கொஞ்சமெண்டாலும்?”

அங்கேயுமா இதைக் கேட்கிறார்கள்? கண்காணாத தேசத்திலும் ஒரு லெப்பை வாசலில் காத்துக்கொண்டு நிற்பாரா?

“அழுதது” என்றாள்.

“அழல்ல மிஸ்” என்று ஹமீதா குறுக்கே விழுந்தாள். “பாவம், அதை நினைச்சு நினைச்சு இவளுக்குக் காதுல கேக்குது. நீங்க அழல்ல எண்டே எழுதுங்க.”

“தாய் சொல்லுறதைத்தான் நான் எழுதவேணும் அக்கா.”

“தாய் அரை மயக்கத்துல கிடந்தவள்.”

“அதையும் எழுதுவன். ஆனா பதில் இவவின்ர.”

விரல் திரையைத் தொட்டது. முதல்முறையாக ஒருவர் அந்தச் சத்தத்தை வாங்கிக்கொண்டார். பரீனாவுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள். அடுத்த கேள்வி வந்துவிட்டிருந்தது.

“பிள்ளையைத் துடைச்சு, உங்கட நெஞ்சோட போட்டவையளோ?”

“இல்ல. பக்கத்துப் பலகையில வச்சிருந்த.”

“பிள்ளையைக் குளிப்பாட்டினதோ? எப்ப?”

“லொறியிலயே. பிளாஸ்டிக் கான்ல இருந்து தண்ணி ஊத்தின சத்தம் கேட்டது.”

சொல்லும்போதே பரீனாவின் குரல் இறங்கியது. கிளினிக்கில் மிட்வைவ் மிஸ் சொன்னது நினைவுக்கு வந்தது. பிறந்த உடனே தண்ணீர் வார்க்கக்கூடாது, குளிர் ஏறினால் பிள்ளை தாங்காது, துடைத்துத் தாயின் மேலே போட்டு மூடவேண்டும். அந்தக் கிளினிக்குக்கு ஹமீதா வந்ததில்லை.

ஜெனிஸ்ரா அவர்கள் இருவரையும் பார்க்காமல், எழுதியதைப் பார்த்தபடி கேட்டாள். “லொறிக்குள்ள வச்சு ஏன் குளிப்பாட்டினது எண்டு தெரியுமோ?”

“பின்ன என்ன மிஸ்?” ஹமீதா பொரிந்தாள். “ஊத்தை ரத்தத்தோட புள்ளைய எப்பிடி வாப்பாட கையில குடுக்கிற? அவன் அதுட காதுல பாங்கு சொல்லோணும். கழுவிப்போட்டுத்தான் லொறிய நிப்பாட்டச் சொல்லித் தட்டுவம் எண்டு இருந்தன், அதுக்குள்ள இவளுக்கு ரத்தம்...”

அவள் நிறுத்திக்கொண்டாள்.

உயிரோடு பிறந்த பிள்ளையின் காதில்தான் வாப்பா பாங்கு, அந்தத் தொழுகை அழைப்பைச் சொல்வார்; உயிரில்லாத பிள்ளையின் காதில் யாரும் பாங்கு சொல்வதில்லை. அது அந்த வீட்டில் இருந்த மூவருக்கும் தெரியும். ஜெனிஸ்ரா கிறிஸ்தவ வேதக்காரியாக இருந்தாலும், முசலிப் பக்கத்து முஸ்லிம் வீடுகள் எத்தனை ஏறி இறங்கியவள். அவள் திரையைத் தொடவில்லை.

வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் ஐஸ்பெட்டியைக் கட்டிக்கொண்டு போயிற்று.

பரீனா ஹமீதாவின் கைகளைப் பார்த்தாள். கான் தண்ணீரைச் சரித்த கைகள். அந்தப் பக்கம் பிள்ளை பலகையில் நனைந்து கிடக்க, இந்தப் பக்கம் ஆஸ்பத்திரி வரும்வரை தன் வயிற்றை விடாத கைகள். ஒரு கையை எடுத்திருந்தால் ஒருவேளை பிள்ளையைத் தூக்கியிருக்கலாம். எடுத்திருந்தால் தான் இங்கே உட்கார்ந்து இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்போமா என்பதும் தெரியாது.

“தங்கச்சி, இண்டைக்கு நிப்பாட்டுவமோ?” என்று ஜெனிஸ்ரா மெல்லக் கேட்டாள்.

“தண்ணி வார்த்ததாலையா மிஸ்?”

“அது எனக்குச் சொல்ல ஏலாதம்மா. மாசம் முந்தின பிள்ளை. வேற காரணமும் இருக்கலாம்.”

பரீனா தலையாட்டினாள். பிறகு ஹமீதாவின் பக்கம் திரும்பினாள். கோபமாகக் கேட்க வேண்டும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். வந்தது கெஞ்சல்தான்.

“மதினி, அப்ப அவன் அழுதவன், என்ன? ஒருக்கா ஓம் எண்டு சொல்லுங்க. தண்ணியப் பத்தி நான் அவர்ட்ட ஒண்டும் சொல்லமாட்டன். அழுதவன் எண்டு மட்டும் லெப்பைட்ட சொல்லுங்க. கபுறடியில நிண்டு தொழுதிட்டு ஒரு பேர் வச்சுக் கூப்பிடுவம். எனக்கு வேற ஒண்டும் வேணாம்.”

ஹமீதாவின் உதடு அசைந்தது. ‘ஓம்’ வருகிறது என்றே பரீனா நினைத்தாள். அந்தச் சொல்லைச் சொன்னால் அடுத்ததாகத் தம்பி என்ன கேட்பான் என்று ஹமீதாவுக்குத் தெரியும். அழுத பிள்ளைக்குப் பாங்கு சொல்ல ஏன் ராத்தா என்னைக் கூப்பிடவில்லை என்பான். அதற்குப் பதில் சொன்னால் தண்ணீர் வார்த்ததும் வெளியே வரும்.

அவள் எழுந்தாள். நழுவிய சீலைத் தலைப்பைத் தலைக்கு மேலே இழுத்துவிட்டாள். ஜெனிஸ்ரா கால்களை ஒடுக்கி வழிவிட்டாள். ஹமீதா ஸ்கூட்டியைச் சுற்றிக்கொண்டு வேலிக் கடப்பைத் தாண்டி, வெயில் விழுந்த மண் ரோட்டில் இறங்கினாள். பக்கத்து வளவுதான் அவள் வீடு. அதன் வாசலுக்கும் திரும்பாமல், அந்த ‘ஓம்’ஐச் சொல்லாமலே, நேரே நடந்து போய்க்கொண்டிருந்தாள்.