தூண் மறைக்கும் இடம்

கடையில் எல்லாரும் அவனைக் கேமரா என்றுதான் கூப்பிட்டார்கள். மாடிப்படிக்குக் கீழே ஜன்னல் இல்லாத அறை, பன்னிரண்டு திரைகள். நாள் முழுக்க மற்றவர்களின் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பது அவன் வேலை. முகம் எதையும் மறைத்துவிடும், கைக்கு அது வராது என்பது அவன் கட்சி.

திங்கட்கிழமை மேனேஜர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"ரெண்டு வாரத்துல பதினோரு க்ரீம் டப்பா காணோம். எல்லாம் ஒசத்தி க்ரீம். நீ இங்க உக்காந்து சினிமாவா பாக்குற?"

"கஸ்டமர் யாரும் எடுக்கல சார். திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்துட்டேன்."

"அப்போ ஆள் உள்ளேயேதான் இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள யாருன்னு சொல்லு. இல்லன்னா க்ரீம் செக்‌ஷன்ல நிக்கிற ரெண்டு பொண்ணுங்களையும் வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

அந்த இரண்டு பேரில் ஒருத்தி அவன் மனைவியின் தங்கை. அவன் வீட்டில்தான் இருக்கிறாள். நான் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்து அவளை வேலைக்குச் சேர்த்துவிட்டவனும் அவன்தான்.

அன்று அவள் கைகளை மட்டும் பார்த்தான். பதினொன்றரைக்கு அவள் தூணுக்குப் பின்னால் போனாள். நான்கு நிமிடம் கழித்து வந்தாள். மூன்று மணிக்கு மறுபடி. பழைய பதிவுகளை ஓட்டிப் பார்த்தான். தினமும் அதே தூண், அதே நேரம். போகும்போது இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை.

அந்த இடம் எந்தத் திரையிலும் விழாது. கடையில் அது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். இல்லை, இன்னொருத்திக்கும் தெரியும். போன மாதம் சாப்பிடும்போது, "அந்தத் தூண் ஒண்ணுதான் என்னை ஏமாத்துது" என்று அவளிடம் பெருமையாகச் சொன்னது அவன் வாய்தான். சாப்பாட்டோடு அதையும் பரிமாறியிருக்கிறான்.

மறுநாள் கடை திறக்கும் முன் அலமாரித் தட்டில் இருந்த க்ரீம் டப்பாக்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, அடியில் பச்சைப் பேனாவால் ஒரு புள்ளி வைத்தான். புதன்கிழமை மாலை எண்ணினான். நான்கு குறைந்திருந்தது. பில் எதிலும் அந்த நான்கும் இல்லை.

வீட்டில் அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, அவள் கைப்பையைத் திறந்தான். சீப்பு, பஸ் பாஸ், கைக்குட்டை, பாதி காலியான வலித்தைலம். ஜிப்பை இழுத்து மூடி, ஆணியில் இருந்தபடியே மாட்டினான்.

"அங்க என்னங்க பண்றீங்க?" என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து.

"சாவி தேடுறேன்."

சாவி அவன் சட்டைப்பையில் இருந்தது.

வியாழக்கிழமை பதினொன்றரைக்கு அவள் தூணை நோக்கி நகர்ந்ததும் அறையைப் பூட்டிவிட்டு மேலே ஓடினான். செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்து தூணைச் சுற்றி எட்டிப் பார்த்தான்.

அவள் கவிழ்த்த அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றி, வீங்கிய பாதத்தை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டிருந்தாள். தைல வாசனை அடித்தது.

அவனைக் கண்டதும் பதறி எழுந்தாள். செக்‌ஷனில் நிற்பவர்கள் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் அரைநாள் சம்பளம் போகும்.

"ரெண்டே நிமிஷம் மாமா. எழுதிடாதீங்க."

"நான்... வேற என்னவோன்னு நெனச்சு..."

நாக்கைக் கடித்துக்கொள்வதற்குள் வார்த்தை வெளியே வந்துவிட்டது.

"வேற என்னன்னு?"

அவள் ஒரு செருப்பை மாட்டினாள். அடுத்ததை மாட்டவில்லை.

"நேத்து என் பையைத் திறந்தது நீங்கதானா? ஜிப் சிக்கிக்கும்னு நான் எப்பவும் பாதிதான் மூடுவேன். பாத்ரூம்லேர்ந்து வந்து பாத்தா முழுசா மூடியிருக்கு. அக்காவோன்னு நெனச்சேன்."

"மேனேஜர் நாளைக்குள்ள ஆள் கேக்குறாரு."

"அதுக்கு நான் கெடைச்சேனா?"

செருப்பை மாட்டிக்கொண்டு போய்த் தன் இடத்தில் நின்றாள்.

வெள்ளிக்கிழமை, க்ரீமும் சோப்பும் போடும் கம்பெனிக்காரர் வந்தார். வாரத்துக்கு இரண்டு நாள், புதனும் வெள்ளியும் வருவார். தட்டைத் துடைப்பார், புதியதை அடுக்குவார், தேதி முடிந்ததைப் புதனன்றே பெட்டியில் போட்டு வைத்து, வெள்ளியன்று திருப்பி எடுத்துப் போவார். கடையில் எல்லாரும் அவருக்குச் சொந்தக்காரர் மாதிரி.

"தலைவரே, ஒரு ஆட்டோகிராப் போடுங்க!"

டேப் ஒட்டிய பெட்டியை மேஜை மேல் வைத்தார். டேப்பின் மேல் பாதி, அட்டையின் மேல் பாதியாகக் கேமரா பச்சைக் கையெழுத்துப் போட வேண்டும். வழியில் யாரும் பிரித்துவிடக் கூடாது என்று அவனே கொண்டுவந்த ஏற்பாடு. அந்தக் கையெழுத்தைப் பார்த்தால் பின்கதவு செக்யூரிட்டி பெட்டியைத் தொடமாட்டார்.

பேனாவைத் திறந்தான். டேப்பில் வைத்தான். அங்கேயே நின்றது.

இந்த மனிதரின் கைகளை அவன் எத்தனையோ முறை பார்த்திருக்கிறான். கேமராவுக்கு நேராக நின்று, நிதானமாக எடுத்து, நிதானமாகப் பெட்டியில் போடும் கைகள். அவன் தேடியது ஒளிக்கிற கைகளை.

"பேனா எழுதலையா தலைவரே?"

"பெட்டியைப் பிரிங்க."

"பழைய சோப்புப்பா. நாத்தம் அடிக்கும்."

"பரவால்ல. எனக்கு ஜலதோஷம்."

அவர் சிரித்தார். கை டேப்பின் மேல் போகவில்லை. கேமராவே கத்தியால் கீறினான். சோப்புகளுக்கு அடியில் நான்கு க்ரீம் டப்பாக்கள். கவிழ்த்தான். நான்கு பச்சைப் புள்ளிகள்.

மேனேஜர் வந்தார். கம்பெனிக்காரர் யாருக்கோ போன் போடப் போனவர், திரும்ப வரவில்லை. மேனேஜர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு முன்னாடி போன பெட்டி எல்லாத்துலயும் யார் கையெழுத்து?"

"என்னோடது சார்."

"உள்ள பாத்துட்டா போட்ட?"

"இல்ல சார்."

மேனேஜர் அவனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அந்தப் பார்வை அவனுக்குத் தெரியும். இத்தனை வருடமாகத் திரைக்கு இந்தப் பக்கம் இருந்து அவன் மற்றவர்களைப் பார்த்த பார்வை.

"நீயும் அந்தாளும் கூட்டா இருப்பீங்களோன்னு நாளைக்கு ஒருத்தன் கேட்டா என்ன சொல்றது?" என்றவர், வாசல் வரை போய்த் திரும்பினார். "அந்தத் தூண் பக்கம் எந்தத் திரையிலயும் விழலையே. ஒரு கண்ணாடி மாட்டிடலாமா?"

"அங்க ஒண்ணும் இல்ல சார். வெறும் சுவர்."

அன்று மாலை அவனுக்கு முன்பே அவள் வீட்டுக்கு வந்திருந்தாள். அவன் தட்டின் முன் உட்கார்ந்ததும் கைப்பையை எடுத்து வந்து அவன் எதிரே தரையில் கவிழ்த்தாள். சீப்பு, பஸ் பாஸ், கைக்குட்டை. தைலம் உருண்டு அவன் முழங்காலில் இடித்து நின்றது.

"பாத்துக்கோங்க மாமா."

"என்னடி இது?" என்றாள் அக்கா.

"கடையில செக் பண்ணுவாங்கக்கா. இங்கயும் பழகிக்கிறேன்."

அவன் தைலத்தை எடுத்து நீட்டினான். அவள் வாங்கிப் பையில் போட்டு, ஜிப்பைப் பாதி வரை மூடினாள்.

மறுநாளும் கவிழ்த்தாள்.