ஷெரீபைக் கைது செய்யும் அதிகாரம்

அரசியல் சாசன தினத்தன்று வால்டிரிப் மாவட்டத்தில் டெல்பர்ட் ஸ்ட்ரவுடின் பேச்சு இல்லாமல் மதிய விருந்து நடந்ததில்லை. ஊரின் சவ அடக்க நிலையம் அவருடையது. தேர்தலில் நின்று ஜெயித்த கரோனரும் அவரே. அதாவது யார் எதனால் செத்தார்கள் என்று தீர்ப்புச் சொல்வதும் அவர், செத்தவர்களைச் சீவிச் சிங்காரித்துப் புதைத்துத் தருவதும் அவர். அதிகாரம் ஓரிடத்தில் குவியக் கூடாது என்று அவர் முழங்கும்போது இது யாருக்கும் உறுத்தியதில்லை.

"சாசனம் எழுதின நம்ம முன்னோர் யாரையும் நம்பலைங்க. அதான் ஒருத்தர் குடுமியை இன்னொருத்தர் கையில குடுத்துட்டுப் போனாங்க. இந்த மாவட்டத்துல ஷெரீபையே கைது பண்ற அதிகாரம் ஒரே ஒருத்தனுக்குத்தான் இருக்கு. அந்தப் பாவி நான்தான்!"

உடனே மாவட்டப் போலீசுக்கும் சிறைக்கும் தலைவரான ஷெரீப் ரஸ்க் எழுந்து இரண்டு கைகளையும் விலங்குக்கு நீட்டுவார். சிரிப்பு அடங்குவதற்குள் கோழி வறுவல் வந்துவிடும்.

இந்த வருடம் விருந்து முடிந்த அதே வாரம், வெர்னா டாலியின் மகன் ட்ராவிஸ் மாவட்டச் சிறையில் செத்துப்போனான். குடித்துவிட்டு ஒரு கடை வாசலில் சத்தம் போட்டதற்காகப் பிடித்துப் போயிருந்தார்கள். கழுத்தைச் சுற்றி, ஒரு முன்கை அகலத்துக்குக் கன்றிப்போயிருந்தது. யாரோ கையை மடக்கிக் கழுத்தை இறுக்கியிருக்கிறார்கள் என்று பார்த்ததுமே டெல்பர்ட்டுக்குப் புரிந்துவிட்டது. கொலை என்று எழுத வேண்டும். எழுதினால் விவகாரம் நீதிபதியிடம் போகும். ஷெரீப் பேருக்கே வாரண்ட் வந்தால், அதை எடுத்துக்கொண்டு போக வேண்டியவரும் டெல்பர்ட்தான்.

வெர்னா அவரோடு பள்ளியில் படித்தவள். அன்றே வந்து நின்றாள்.

"டெல்பர்ட், வருஷா வருஷம் ஒண்ணு சொல்வியே, அது நிஜம்தானே?"

"நிஜம்தான் வெர்னா. சட்டத்துலயே இருக்கு."

"அது போதும் எனக்கு."

அவள் போனபின் ஷெரீப் டோனட் பெட்டியோடு வந்தார். மிரட்டவெல்லாம் இல்லை.

"நான் எதுவும் கேட்க வரலைப்பா. உன் வேலை உன்னோடது, என் வேலை என்னோடது. அதிகாரப் பிரிவினை! நீ சொல்லிக் குடுத்ததுதானே?" ஒரு டோனட்டைக் கடித்துக்கொண்டார். "மே மாசம் கட்சிக்குள்ள தேர்தல் வருதே, உன்னை எதிர்த்து நிக்க ரெண்டு பேர் துடிச்சானுங்க. நான்தான் பேசி உட்கார வெச்சிருக்கேன்."

அவர் போனதும் டெல்பர்ட் முன்னோர்களை நினைத்துக்கொண்டார். அந்த மகான்களே அடிமையை ஐந்தில் மூன்று பங்கு ஆளாகக் கணக்கு வைத்துச் சமரசம் செய்துதானே கையெழுத்துப் போட்டார்கள்? அவர்களுக்குச் சிலை வைக்காமலா விட்டோம்? மரணத்தின் வகை: தீர்மானிக்க இயலவில்லை, என்று எழுதினார். கொலையும் இல்லை, இயற்கையும் இல்லை, நட்டநடு. பிறகு தனக்கு நிஜமாகவே கைவந்த வேலையைச் செய்தார். கழுத்தில் தோல் நிறப் பூச்சை இரண்டு தடவை பூசி, உயரக் காலர் வைத்த சட்டை போட்டு, டையை இறுக்கினார்.

உடலைப் பார்வைக்கு வைத்த அன்று எல்லோருக்கும் முன்னால் வெர்னா உள்ளே வந்தாள்.

"தீர்மானிக்க இயலலைன்னா என்ன அர்த்தம்?"

"என்னால சொல்ல முடியலைன்னு அர்த்தம். இதோட போச்சுன்னு நினைக்காதே. கோர்ட் இருக்கு, சட்டசபை இருக்கு, ஓட்டு இருக்கு. ஒருத்தர் தப்புப் பண்ணினா இன்னொருத்தர் தட்டிக் கேட்கத்தானே இந்த ஏற்பாடே."

"அந்த இன்னொருத்தன் நீன்னுதான் நினைச்சேன்."

அவள் மகனின் டையைத் தளர்த்தினாள். மேல் பொத்தான்களைக் கழற்றினாள். கைக்குட்டையைப் பூ ஜாடித் தண்ணீரில் நனைத்துக் கழுத்தைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"ஐயோ, வேண்டாம் வெர்னா! ஊரே வெளியில வந்து நிக்குது. ஷெரீபே மலர்வளையத்தோட வந்திருக்கார்."

"பார்த்தேன்."

பூச்சு முழுக்கப் போகும் வரை துடைத்தாள். காலரை இரண்டு பக்கமும் விரித்துவிட்டாள். டெல்பர்ட் பொத்தானைப் போடக் கையை நீட்டினார். அந்தக் கையைத் தட்டிவிட்டு அவளே போய்க் கதவை அகலத் திறந்தாள்.

"வாங்க," என்றாள். "ஷெரீப், நீங்க முதல்ல வாங்க."