காட்டுக் கூப்பாடு

படத்தில் காட்டு மனிதன் கிளைமேல் நின்று, வாயருகே கையைக் குவித்து அந்த நீளக் கூப்பாட்டைப் போட்டபோது, கட்டிலில் கிடந்த அண்ணனும் போட்டார். கண்ணாடிக்கடை வைத்திருக்கும் தம்பிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அண்ணியைக் கூப்பிட அடுக்களைக்கு ஓடினார். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்ததிலிருந்து மூச்சைத் தவிர வேறொன்றும் வராத வாய் அது. பேச்சு வருமென்று நம்பிக்கொண்டிருக்காதீர்கள் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். டாக்டர் என்ன கடவுளா?

எல்லாம் இருவரும் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு முன்வரிசையில் பார்த்த படங்கள். ஹாலிவுட்காரன் வருஷா வருஷம் எடுத்துத் தள்ளிய வரிசை அது. கதாநாயகன் மாறினான், நாயகி மாறினாள், குரங்கு மட்டும் மாறவில்லை. படம் விட்டு வீடு வரும்வரை அண்ணன் கூவிக்கொண்டே வருவார், தெருவில் அவருக்குப் பெயரே காட்டான் என்றாகிவிட்டது. லாரி ஓட்டப் போன பிறகும் ஹாரன் எதற்கு, அவர் தொண்டை போதாதா என்பார்கள். அந்தத் தொண்டையை எழுப்பத்தான் தம்பி எல்லாப் படங்களையும் தேடிப்பிடித்துக் கொண்டுவந்தார். இப்போது பார்த்தால் சிரிப்பாகத்தான் இருக்கிறது. போன படத்தில் செத்த முதலையையே இந்தப் படத்திலும் கொல்கிறான். சுமைதூக்கி பள்ளத்தில் விழுந்தால் துரைமார் பெட்டி போச்சே என்று வருத்தப்படுகிறார்கள். இதற்கா விசிலடித்தோம், நமக்குப் புத்தியே இருந்ததில்லை என்று அண்ணனிடம் சொல்லி, அவருக்கும் சேர்த்துத் தானே சிரித்துக்கொள்வார்.

முதல் நாள் விளையாட்டாகத்தான், விழுந்துபோன அந்த வலக்கையைத் தூக்கி அண்ணன் வாயருகே குவித்துப் பிடித்தார். அப்போதுதான் சத்தம் வந்தது. பிறகு அதுவே வழக்கமாயிற்று. கூப்பாட்டுக் காட்சி வந்ததும் படத்தை நிறுத்துவார், கையைத் தூக்குவார், சத்தம் வரும். ஒரு நாளும் தப்பியதில்லை. அண்ணனுக்குக் கண்ணில் தாரைதாரையாக வழியும். நல்ல கையால் தம்பியின் முதுகில் பளார் பளாரென்று அறைவார், பழைய முரட்டுத்தனம் எங்கே போகும் என்று தம்பி வாங்கிக்கொள்வார். போனில் பிடித்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார். துணிந்து ஆசையே படாதவள் அண்ணி, அவளும் பெட்டியிலிருந்த அண்ணனின் சட்டைகளை எடுத்துத் துவைத்துத் தேய்த்து மடித்து வைத்தாள்.

விடுப்பில் போயிருந்த பிசியோதெரபி பெண் திரும்பி வந்தாள். டிவி அணைந்திருந்தது. அவள் வலக்கையைக் கொஞ்சம்தான் உயர்த்தினாள். அதே கூப்பாடு வந்தது. தம்பிக்கு வாயெல்லாம் பல். அவளோ பதறிக் கையை இறக்கிவிட்டு, தோளின் மேல் விரலால் தடவிப் பார்த்தாள். விரல் உள்ளே இறங்கியது.

"இந்தக் கைய யாரு தூக்குனது?"

"நான்தான். ஏம்மா?"

"மூட்டு நழுவிப்போச்சு சார். தொட்டாலே உயிர் போற வலி இது. இத்தனை நாளா கத்தவே இல்லையா இவரு?"



"கத்துனாரு" என்றாள் அண்ணி.

இனி பேச்சு வருமா என்று அண்ணி கேட்கவில்லை, அந்தப் பெண்ணும் சொல்லவில்லை. கைக்குக் கீழே தலையணை வைத்து, யாரும் தொடக்கூடாது என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனாள். அண்ணி உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைக்காமலே நின்றாள். பாவி, பாவி, கூடப்பிறந்தவனை அழவிட்டுக் கைதட்டினேனே என்று தம்பி தனக்குள் சொல்லிக்கொண்டார். என்ன செய்வதென்று தெரியாமல், அண்ணனின் காலருகே நழுவிக் கிடந்த போர்வையை இழுத்துவிடக் குனிந்தார்.

அண்ணனின் இடக்கை சட்டென்று எழுந்துபோய் வலத்தோளைப் பொத்திக்கொண்டது.

"போர்வைதாண்ணே" என்றார் தம்பி. "போர்வைதான்."

அண்ணன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.